எனிக்மாவும் எட்டு பார் நடனமும்: ஹியூ ஃபாஸின் கதை

எனிக்மான்னு சொன்னதும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது ஆலன் டூரிங். படம் பார்த்திருப்போம், செமினார் எடுத்திருப்போம், குறைந்தபட்சம் ஒரு வினாடி வினாவிலாவது பதில் சொல்லியிருப்போம். ஆனால் டூரிங் அந்த வேலைக்குள் காலெடுத்து வைப்பதற்குச் சுமார் பத்து வருஷம் முன்னாடியே, லண்டனில் ஒருத்தர் எனிக்மா மெஷினை மேசை மேல் வைத்துக்கொண்டு இதை உடைக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். முடியும் என்று அறிக்கையும் எழுதிக் கொடுத்தார்.

அவர் பெயர் ஹியூ ஃபாஸ். ஆறடி ஐந்து அங்குல உயரம், சிவந்த தாடி, காலில் செருப்பு. அலுவலகத்தில் சங்கேதங்களை உடைப்பவர். மாலையில் ஸ்காட்லாந்து கிராமிய நடனம் ஆடுபவர். ஆடுவதோடு நிற்கவில்லை, புதுப்புது நடனங்களை வடிவமைத்தும் தந்தார். இன்றைக்கும் ஏதோ ஒரு ஊரின் ஹாலில் யாரோ ஆடிக்கொண்டிருக்கிற நடனங்கள் அவை.

இந்த மனுஷனைப் பற்றி நம்ம இதழில் எழுத ஒரு காரணம் உண்டு. டிஸ்கிரீட் மேத்ஸ் பேப்பரில் பெர்முடேஷன் எதுக்குடா படிக்கிறோம் என்று புலம்பாத ஆள் நம்ம கேம்பஸில் கிடையாது. அந்தக் கேள்விக்கு ஃபாஸின் வாழ்க்கையில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று போர் சம்பந்தப்பட்டது. இன்னொன்று வயலின் சத்தத்தோடு வருவது.

கோபேயில் பிறந்த பையன்

ஃபாஸ் பிறந்தது ஜப்பானில். 1902 மே 13, கோபே நகரம். அப்பா ஆங்கிலிக்கன் மிஷனரி, ஒசாகாவின் பிஷப். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். தெருவில் ஜப்பானிய மொழி, வீட்டில் ஆங்கிலம் என்று வளர்ந்த பையனுக்கு ஜப்பானிய மொழி பாடமாக வரவில்லை, காதில் தானாக ஏறியது. பின்னாளில் இந்த ஒரு விஷயம் எவ்வளவு பெரிய ஆயுதமாகப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

பள்ளிப்படிப்பு இங்கிலாந்தின் மார்ல்பரோவில். பிறகு கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் காலேஜ். படித்து முடித்ததும் 1924 டிசம்பரில் ஒரு வேலையில் சேர்ந்தார். அந்த அலுவலகத்தின் பெயர் அரசு சங்கேத, மறைகுறியீட்டுப் பள்ளி. பேர்தான் பள்ளி, பாடம் எதுவும் நடக்காது. மற்ற நாடுகளின் ரகசியத் தந்திகளைப் படிக்கிற இடம். தலைவர் அலஸ்டர் டென்னிஸ்டன். இவர் ஸ்காட்லாந்துக்காரர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஹாக்கி அணிக்காக ஆடியவர். இந்த டென்னிஸ்டனை மறந்துடாதீங்க, நடனக் கதையிலும் வருவார்.

பதினைந்து எழுத்து, நூற்றி எண்பது எழுத்து

1920-களில் எனிக்மா ஒரு ராணுவ ரகசியமே இல்லை. வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் விற்கப்பட்ட சாதாரண வணிக மெஷின். பிரிட்டிஷ் அரசும் ஒன்றை வாங்கியது. இதை நாமே பயன்படுத்தலாமா, பாதுகாப்பானதா என்று பார்த்துச் சொல்லும்படி 1927 வாக்கில் ஃபாஸிடம் கொடுத்தார்கள்.

எனிக்மா எப்படி வேலை செய்யும் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம். உள்ளே சுழலும் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் 26 தொடுமுனைகள், அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக வயர்கள். ஒரு சாவியை அழுத்தினால் கரண்ட் சக்கரங்கள் வழியே போய், கடைசியில் இருக்கும் பிரதிபலிப்பானில் திரும்பி, வேறு பாதையில் வந்து ஒரு விளக்கை எரிய வைக்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வலது சக்கரம் ஒரு படி நகரும். அதனால் அதே எழுத்தை மறுபடி அழுத்தினால் வேறு விளக்கு எரியும்.

பிரதிபலிப்பான் இருப்பதால் இரண்டு விளைவுகள். ஒரு நிலையில் அ என்பது க ஆக மாறினால், அதே நிலையில் க என்பது அ ஆக மாறும். பரஸ்பரம். அடுத்தது, எந்த எழுத்தும் ஒருபோதும் தானாகவே மாறாது. ஆக 26 எழுத்துகளும் 13 ஜோடிகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஜோடிகள் மாறிக்கொண்டே போகின்றன. இந்த 13 ஜோடிப் படத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ் கண்டுபிடித்தது இதுதான். சக்கரங்களின் வயரிங் தெரிந்திருந்தால், செய்தியில் வெறும் 15 எழுத்து என்னவென்று ஊகிக்க முடிந்தால் போதும். வலது சக்கரம் எது, எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். வயரிங்கே தெரியாவிட்டாலும், 180 எழுத்து ஊகம் இருந்தால் வலது சக்கரம், நடுச் சக்கரம் இரண்டின் வயரிங்கையும் வரைந்துவிடலாம். கம்ப்யூட்டர் கிடையாது. பேப்பர், பென்சில், பொறுமை, அவ்வளவுதான் கருவி. இதையெல்லாம் அவர் எழுதிய அறிக்கைக்குத் தலைப்பே பரஸ்பர எனிக்மா என்பதுதான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஃபாஸ் பார்த்தது வணிக மாடல். ஜெர்மன் ராணுவம் அதோடு ஒரு பிளக்போர்டைச் சேர்த்துக் கஷ்டத்தைப் பல மடங்கு கூட்டியது. அந்த ராணுவ மாடலை 1932-ல் முதலில் உடைத்த பெருமை போலந்தின் மரியன் ரெயெவ்ஸ்கிக்குத்தான். ஆனால் இந்த மெஷின் அசைக்க முடியாத கோட்டை இல்லை என்று லண்டனில் கணக்கோடு காட்டியவர் ஃபாஸ்.

அதன் பிறகு 1934 செப்டம்பரில் ஆலிவர் ஸ்ட்ரேச்சியோடு சேர்ந்து, ஜப்பானியக் கடற்படைத் தூதரக அதிகாரிகள் பயன்படுத்திய மெஷின் சங்கேதத்தை உடைத்தார். கோபேயில் காதில் ஏறிய மொழி இங்கே கைகொடுத்தது.

கம்பளத்தைச் சுருட்டு, ஆடலாம்

இந்தக் காலகட்டத்தில்தான் லண்டனின் செல்சீ பகுதியில் ஃபாஸும் மனைவி அலிசனும் ஸ்காட்லாந்து நடனத்தில் மூழ்கியிருந்தார்கள். செல்சீ ரீல் கிளப் என்று ஒரு குழு. நம்ம டென்னிஸ்டனும் அங்கே ஆட வருவார். காலையில் பாஸ், மாலையில் நடன வரிசையில் பக்கத்து ஆள்.

அந்த நடனம் என்ன மாதிரி என்று தெரிந்தால்தான் ஃபாஸ் செய்த காரியம் புரியும். ஸ்காட்லாந்து கிராமிய நடனம் தனி ஆள் ஆடுவது இல்லை. வழக்கமாக நான்கு ஜோடிகள் ஒரு செட். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை, ஒருவரை ஒருவர் பார்த்தபடி. இசைக்குழு இருக்கும் பக்கம் மேல்பக்கம். ஆண்களின் இடது தோள் இசையின் பக்கம் இருக்க வேண்டும். மேலே நிற்பவர்கள் 1-ம் ஜோடி, அடுத்து 2, 3, 4. முதல் சுரம் ஒலித்ததும் ஆண்கள் தலை வணங்க, பெண்கள் முழங்காலை மடக்கி வணக்கம் சொல்வார்கள். அப்புறம்தான் ஆட்டம்.

இசை மூன்று விதம். வேகமான ரீல், துள்ளலான ஜிக், ஸ்காட்லாந்துக்கே உரிய மெதுவான ஸ்ட்ராத்ஸ்பே. இசையின் ஒவ்வொரு பாருக்கும் ஒரு அடிவைப்பு. பெரும்பாலான நடனங்களுக்கு 32 பார். அது எட்டெட்டு பாராக நான்கு துண்டாகப் பிரியும், ஏனென்றால் மெட்டும் அப்படித்தான் பிரிகிறது.

ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு விலை உண்டு. நின்ற இடத்தில் துணையைப் பார்த்து இரண்டு அடி வைப்பதற்கு 2 பார். வலது கை கோத்து ஒரு சுற்று சுற்றினால் 4 பார். ஆறு பேர் கை கோத்து வட்டமாகப் போய்த் திரும்பினால் 8 பார். மூன்று பேர் எட்டு வடிவத்தில் பின்னிப் பின்னிப் போகும் ரீலுக்கு வழக்கமாக 8 பார். புது நடனம் செய்பவர் கையில் இருப்பது 32 பார் பட்ஜெட். அதற்குள் ஒரு பார் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மெட்டு யாருக்காகவும் காத்திருக்காது.

இதில் இன்னொரு கட்டாயமும் உண்டு. 32 பார் முடியும்போது 1-ம் ஜோடி ஓர் இடம் கீழே இறங்கியிருக்க வேண்டும். 1, 2, 3, 4 என்று இருந்த வரிசை 2, 1, 3, 4 ஆகும். அடுத்த முறை அதே ஜோடி மறுபடி ஆடி 2, 3, 1, 4 ஆகும். பிறகு அவர்கள் அடிக்கு நழுவிவிடுவார்கள், 2, 3, 4, 1. இப்போது 2-ம் ஜோடி மேலே, அவர்கள் முறை. இப்படி எட்டு தடவை ஆடினால் நான்கு ஜோடிக்கும் தலா இரண்டு வாய்ப்பு கிடைத்து, எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே வந்திருப்பார்கள். எட்டு முப்பத்திரெண்டு 256 பார், கிட்டத்தட்ட நாலரை நிமிடம். மூச்சு வாங்கும்.

பார்த்தீங்களா? இது சுத்தமான சுழற்சிப் பெர்முடேஷன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி நகரும் அமைப்பு, ஜோடி ஜோடியாக இடம் மாறுவது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு ஆரம்ப நிலை. எனிக்மா சக்கரத்தைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்கு இந்த ஆட்டம் பிடித்துப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஒரு புது நடனம் எப்படிப் பிறக்கும்?

வெறும் கணக்கு சரியாக இருந்தால் நடனம் வந்துவிடாது. இதுதான் விஷயமே. பேப்பரில் எல்லோரும் சரியான இடத்துக்கு வந்திருப்பார்கள். ஆனால் ஆடிப் பார்த்தால் ஒரு பெண் இடது கையால் ஒருவரைச் சுற்றி முடித்த கையோடு, அதே இடது கையை எதிர்த் திசையில் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். உடம்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடனம் மறுபக்கம் இழுக்கும். நம்ம பாஷையில் சொன்னால் மொமென்டம் இடிக்கும். அந்த இடத்தில் ஆடுபவர் தடுமாறுவார், பக்கத்து ஆள் மேல் மோதுவார்.

எனவே புது நடனம் செய்பவர் பார்க்க வேண்டியவை நிறைய. ஒரு அசைவு முடியும் இடமும் திசையும் அடுத்த அசைவின் தொடக்கமாக இருக்கணும். எந்தக் கை காலியாக இருக்கிறதோ அந்தக் கைக்குத்தான் வேலை வரணும். எந்தத் தோளைக் கடந்து போகிறோம் என்பதில் சந்தேகமே வரக்கூடாது. ஓரத்தில் நிற்கும் ஜோடி முழு 32 பாரும் தூணாக நின்றுவிடக்கூடாது. மெட்டு உயரும் இடத்தில் ஆட்டமும் விரியணும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவை சொன்னால் மனசில் நிற்கணும். ஏனென்றால் இந்த நடனத்தில் ஆரம்பிக்கும் முன் ஒருமுறை சுருக்கமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். இசை தொடங்கியபின் அடுத்தது இது, அடுத்தது அது என்று யாரும் கூவிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அதனால் புது நடனத்துக்கு ஒரே சோதனைக்கூடம் மனிதர்கள்தான். ஆறு பேரோ எட்டு பேரோ வேண்டும். கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்து, முதலில் நடந்து பார்க்கணும், அப்புறம் இசையோடு ஆடிப் பார்க்கணும். எங்கே எல்லோரும் ஒரே மாதிரி தப்பு செய்கிறார்களோ, அங்கே தப்பு ஆடுபவர்கள் பேரில் இல்லை, வடிவமைப்பின் பேரில். மாற்றி எழுது, மறுபடி ஆடு. கோட் எழுதி டெஸ்ட் கேஸ் ஓட்டுகிற நமக்கு இது புதுசு இல்லை.

அந்த நாளில் புது நடனம் செய்வதே கொஞ்சம் துணிச்சலான காரியம் என்பதையும் சொல்லணும். 1923-ல் கிளாஸ்கோவில் ஜீன் மில்லிகனும் யசபெல் ஸ்டூவர்ட்டும் ஸ்காட்லாந்து கிராமிய நடனச் சங்கத்தைத் தொடங்கியதே, அழிந்துகொண்டிருந்த பழைய நடனங்களைக் காப்பாற்றத்தான். பழைய அச்சுப் புத்தகங்களிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் இருந்தவற்றைத் தேடி எடுத்து, கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டு, முறைப்படுத்தி வெளியிட்டார்கள். அப்படிப் பாடுபட்டுக் காப்பாற்றிய பாரம்பரியத்துக்குள் நேற்று எழுதிய நடனத்தை எப்படி விடுவது? அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. அதே நேரத்தில் யாரும் புதுசாக எதுவும் சேர்க்காத கலை மியூசியத்துக்குப் போய்விடும் என்பதும் உண்மை. ஃபாஸ் இந்த இரண்டாவது பக்கம் நின்றவர். பழைய இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் புது வாக்கியங்கள் எழுதினார்.

பிளெட்ச்லியில் ஆட்டம்

1939-ல் போர் வந்தது. அலுவலகம் மொத்தமும் லண்டனை விட்டு பிளெட்ச்லி பார்க்குக்கு மாறியது. மரக் குடிசைகள், இரவு பகல் ஷிஃப்ட், யாரும் யாரிடமும் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்ற விதி. பக்கத்துக் குடிசையில் என்ன நடக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஜெர்மன் கடற்படையின் எனிக்மாதான் அப்போது பெரிய தலைவலி. நீர்மூழ்கிக் கப்பல்கள் பிரிட்டனுக்கு வரும் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. டூரிங் இதற்கு பான்பரிஸ்மஸ் என்று ஒரு முறை வகுத்திருந்தார். நீளமான தாள்களில் செய்திகளைத் துளைகளாகக் குத்தி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து நகர்த்தி, துளைகள் எங்கே அதிகமாக ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சானதால் அந்தப் பெயர். கணிதம் அழகாக இருந்தது. ஆனால் நிஜமாக ஒரு நாளின் சங்கேதத்தை இந்த வழியில் உடைக்க முடியுமா என்பது நிரூபணமாகவில்லை.

1940 நவம்பரில் அதைச் செய்து காட்டியவர் ஃபாஸ். அவர் உடைத்தது மே 8-ம் தேதிக்கான சங்கேதம். ஆறு மாசப் பழைய செய்திகள், போருக்கு நேரடியாக எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஆனால் இந்த முறை வேலை செய்கிறது என்பது அன்றைக்குத்தான் உறுதியானது. அந்தத் தேதிக்கு அங்கே ஃபாஸ் தினம் என்றே பெயர் நிலைத்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் ஃபாஸின் உண்மையான நேரம் வந்தது. ஹட் 7 என்ற ஜப்பானியக் கடற்படைப் பிரிவுக்கு அவர் தலைவரானார். மொழி தெரியும், மெஷின் தெரியும், பொறுமை உண்டு. இந்தப் பிரிவோடு சேர்ந்து வேலை செய்த பிரிட்டிஷ் நிலையங்களில் ஒன்று இலங்கையில், கொழும்பில் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் ஓடிய ஜப்பானிய ரேடியோ செய்திகளை அங்கே பிடித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே பிளெட்ச்லியில் ஒரு ஸ்காட்லாந்து நடனக் குழுவையும் நடத்தினார் மனுஷன். நாள் பூரா எண்களைப் பார்த்துக் கண் பூத்துப்போன இளைஞர்களும் இளம்பெண்களும் ஷிஃப்ட் முடிந்து வந்து வரிசையில் நிற்பார்கள். பகலில் என்ன செய்தோம் என்று பக்கத்தில் நிற்பவரிடம்கூடச் சொல்ல முடியாதவர்கள், கை கோத்து எட்டு பார் வட்டம் வந்தார்கள். ரகசியம் காக்க வேண்டிய இடத்தில், எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்ய முடிந்த நேரம் அது.

வீட்டில்கூட அவர் அப்படித்தான். பாத்திரம் கழுவுவதற்கே எது முதல், எது கடைசி என்று விஸ்தாரமான ஒரு முறை வகுத்து வைத்திருந்தார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லிச் சிரித்ததுண்டு.

1944-ல் அமெரிக்கக் கடற்படையின் சங்கேதப் பிரிவோடு வேலை செய்ய வாஷிங்டன் அனுப்பினார்கள். சீருடைகளுக்கு நடுவே தாடியும் செருப்புமாக ஆறடி ஐந்து அங்குலத்தில் ஒருவர் நடந்து வந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்கா நேச நாடுகளுக்குப் போர்த் தளவாடம் கொடுத்த திட்டத்தின் பேரைச் சேர்த்து, லெண்ட்-லீஸ் இயேசு என்று அங்கே அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

சிறைக்குள் பிறந்த ஒரு நடனம்

இதே போர்க்காலத்தில், ஃபாஸுக்குச் சம்பந்தமில்லாமல், இன்னொரு புது நடனமும் பிறந்தது. அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1940 ஜூனில் பிரான்ஸின் சென் வலேரியில் ஸ்காட்லாந்தின் 51-வது ஹைலாந்து டிவிஷன் ஜெர்மானியரிடம் சரணடைய நேர்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கைதிகள். அதில் ஜிம்மி அட்கின்சன் என்ற லெஃப்டினன்ட், பவேரியாவின் லாஃபன் முகாமில் மற்ற அதிகாரிகளோடு சேர்ந்து ஒரு ரீலை உருவாக்கினார். ஆட்டத்தின் நடுவே ஆடுபவர்கள் குறுக்குக் கோடாகக் கை கோத்து நிற்பார்கள். ஸ்காட்லாந்தின் கொடியில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூ சிலுவையும் அந்த டிவிஷனின் நினைவும் அந்தக் கோட்டில் இருக்கின்றன. பெண்களே இல்லாத முகாமில் ஆண்களே இரண்டு வரிசையிலும் நின்று ஆடினார்கள்.

அந்த நடனக் குறிப்பு கடிதத்தில் ஊருக்குப் போனபோது, ஜெர்மன் தணிக்கையாளர்கள் ஏதோ சங்கேதம் என்று நினைத்துப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று ஆடுபவர்கள் நடுவே ஒரு கதை உலவுகிறது. அந்தக் குறிப்புகளைப் பார்த்தால் நாமும் அப்படித்தான் நினைப்போம்: எண்கள், கைகள், திசைகள், பார்கள்! பழைய நடனங்களையே பெரும்பாலும் வெளியிட்டு வந்த சங்கம், போர் முடிந்த 1945-ல் வெளியிட்ட வெற்றிப் புத்தகத்தில் இந்தப் புது நடனத்துக்கு இடம் கொடுத்தது. ஐந்து வருஷத்தில் ஒரு நடனம் பாரம்பரியமாகிவிட்டது.

போல்ஹாரோ ஓடை

1950-களில் ஓய்வு பெற்ற ஃபாஸ், ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் காலோவே பகுதியின் டால்ரி என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கிருந்து க்ளென்டாரக் என்ற பெயரில் நடனத் தாள்களை வெளியிட்டார். ஒரு தாள், அதில் நடனக் குறிப்பு. ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குக் கைமாறிப் போக இதைவிட எளிய வழி இல்லை. ஜே.பி. மில்ன், ஜான் மெக்கால்பின், ஃபியூகல் ஃபெர்கஸ் எல்லாம் இவர் வடிவமைத்த நடனங்கள்தான். கடைசிப் பெயரிலேயே ஃபியூக் என்ற இசைச் சொல்லை வைத்து விளையாடியிருக்கிறார்.

ஆனால் பொறியியல் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது போல்ஹாரோ பர்ன். பர்ன் என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் ஓடை. டால்ரிக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு ஓடையின் பேரைத்தான் நடனத்துக்கு வைத்தார்.

இதில் நான்கு ஜோடி இல்லை, ஐந்து. வழக்கமான நடனத்தில் ஒரு ஜோடிதான் முதன்மையாக ஆடும், மற்றவர்கள் துணை. ஐந்து ஜோடி நின்றால் பாதிப் பேர் சும்மா நிற்க வேண்டியதுதான். ஃபாஸ் என்ன செய்தார் என்றால், 1-ம் ஜோடியையும் 3-ம் ஜோடியையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டார். இருவரும் ஓர் இடம் இறங்கியதும் வரிசை 2, 1, 4, 3, 5 ஆகிறது. இப்போது நடுவில் மாட்டிக்கொண்ட 4-ம் ஜோடியைப் பாருங்கள். மேலே இருக்கும் 1-க்கும் அவர்கள்தான் மூலை, கீழே இருக்கும் 3-க்கும் அவர்கள்தான் மூலை. ஒரே ரிசோர்ஸை இரண்டு ப்ராசஸ் பகிர்ந்துகொள்கிற மாதிரி. நேரம் ஒரு பார் தப்பினால் இரண்டு பேர் ஒரே கைக்கு வந்து நிற்பார்கள். தப்பவில்லை என்றால் மேலே இருந்து பார்ப்பவருக்கு ஓடைத் தண்ணீர் கல்லுக்கு இருபுறமும் பிரிந்து சேர்வது போலத் தெரியும்.

32 பார் முடிவில் வரிசை 2, 4, 1, 5, 3. ஒரு பேப்பர் எடுத்து இதை நீங்களே தொடர்ந்து போட்டுப் பாருங்கள். முதல் இடத்தில் இருந்தவர் மூன்றாம் இடத்துக்குப் போகிறார், அங்கிருந்து ஐந்தாம் இடம், பிறகு நான்கு, இரண்டு, மறுபடி ஒன்று. சரியாக ஐந்து சுற்றில் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதோடு முதல் இடம், மூன்றாம் இடம் இரண்டும் அடுத்தடுத்து வருவதால், எந்த ஜோடிக்கும் இரண்டு முறை முதன்மையாக ஆடும் வாய்ப்பு உறுதி. ஐந்து பேரில் ஒருவர்கூட ஏமாற மாட்டார். ஐந்து உறுப்புச் சுழற்சி ஒன்றை இவ்வளவு நியாயமாகப் பயன்படுத்திய இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சொல்ல முடியாத பாதி

ஹியூ ஃபாஸ் 1971 டிசம்பர் 23 அன்று இறந்தார். பிளெட்ச்லியில் எனிக்மா உடைக்கப்பட்ட விஷயம் புத்தகமாக வெளிவந்து உலகத்துக்குத் தெரிந்தது 1974-ல். மூன்று வருஷ வித்தியாசம். 1949-ல் அவர் தன் எனிக்மா அனுபவங்களை எழுதி வைத்தார். ஆனால் அதுவும் அலுவலகத்தின் ரகசியக் கோப்புக்குள்தான் போனது.

ஆக, தன் வாழ்நாளில் அவர் பொதுவில் சொல்லிக்கொள்ள முடிந்த வேலை நடனம் மட்டும்தான். அவரோடு வாராவாரம் ஆடியவர்களில் எத்தனை பேர், தங்கள் கையைப் பிடித்துச் சுற்றிய அந்த நெட்டை மனிதர் ஒரு கடற்படையின் சங்கேதங்களைப் படித்தவர் என்று அறியாமலே இருந்திருப்பார்கள்! அவர்களுக்கு அவர் நல்ல நடனங்கள் செய்து தருகிற தாடிக்காரர். அது ஒரு குறையாக அவருக்குத் தோன்றியதா என்பதை நாம் ஊகிக்க வேண்டாம். அவர் தொடர்ந்து நடனங்களை எழுதினார் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு ரகசியத்தை உடைப்பது அதை மூடி வைத்தவருக்கு எதிரான வேலை. உடைத்த அன்றைக்கு அதற்கு மதிப்பு உண்டு. எதிரி சக்கரத்தை மாற்றியதும் மறுநாள் புதிதாகத் தொடங்க வேண்டும். நடனம் எழுதுவது அதற்கு நேர்மாறு. எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரு தடவை கேட்டுவிட்டு ஆடும்படி அதைத் திறந்து வைக்க வேண்டும். ஃபாஸின் மூளை இரண்டையும் செய்தது. முதல் வேலையின் மெஷின்கள் இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. இரண்டாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை ஹாஸ்டல் மொட்டை மாடியில் பத்துப் பேர் வெட்டியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். ஐந்து ஜோடியாக இரண்டு வரிசை நில்லுங்கள். 2, 4, 1, 5, 3 என்று ஐந்து முறை இடம் மாறுங்கள். காலடி சரியாக வராது, பரவாயில்லை. ஐந்தாவது முறை எல்லோரும் அவரவர் இடத்தில் வந்து நிற்கும்போது ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதுக்காகத்தான் அந்த மனுஷன் கம்பளத்தைச் சுருட்டி வைத்துக் கணக்குப் போட்டார்.